அப்பா பேர் கொண்ட கப்பலும் அக்கா உடைக்காத பாட்டிலும்

மெயின் மாநிலம், அமெரிக்கா,
ஏப்ரல் 9.

அன்புள்ள லெட்டீஷியா அக்காவுக்கு,

தம்பி ஆர்வில் கிரிண்டல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் டார்கஸும் நலம், அவளுடைய வலது மணிக்கட்டையும் பக்கத்து வீட்டு ஜன்னலையும் தவிர. துலூத்தில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது, ஏரியில் பனி உடைந்துவிட்டதா என்பதை விவரமாக எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. மூன்றே வரி. "அந்த மனுஷன் பேரை வச்ச கப்பல் மேல நான் பாட்டில் உடைக்க மாட்டேன். அவர் தலை மேல உடைக்கணும்னா அப்பவே வந்திருப்பேன். வேற ஆளைப் பாரு." படித்ததும் சிரிப்பு வந்தது, அடுத்து காலண்டரைப் பார்த்தேன். எரிகிற கப்பலிலிருந்து தொண்ணூறு பேரைக் கரைசேர்த்தாரே என்று கடற்படை நம் அப்பா கமாண்டர் ஏசா கிரிண்டலின் பெயரை ஒரு புதுப் போர்க்கப்பலுக்கு வைக்கிறது. வீட்டுப் பெண் ஒருத்தி வந்து கப்பலின் முகப்பில் ஷாம்பெயின் பாட்டிலை உடைத்துப் பெயர் சூட்டுவதுதான் வழக்கம். பெற்ற மகள் நீ ஒருத்திதான். விழாவுக்குப் பதினேழு நாள்தான் இருக்கிறது.

சரி, மகள் வராவிட்டால் மருமகள் உடைக்கட்டும் என்று என் பெண்டாட்டி டார்கஸிடம் சொன்னேன், அது நான் செய்த தப்பு, ஒரே அடியில் உடையாவிட்டால் கப்பலுக்கு ஆகாது என்று யாரோ அவளிடம் சொல்லிவைக்க, அன்று முதல் கொல்லைப்புறத்தில் பயிற்சி, முதல் நாள் ஆப்பிள் சாறு பாட்டில் கைநழுவிப் பக்கத்து வீட்டுக்காரர் மெரிலுடைய ஜன்னலுக்குள் போய்விட்டது, அவர் அப்போதுதான் சூப் குடிக்க உட்கார்ந்தாராம், இரண்டாம் நாள் பாட்டில் உடையவில்லை, என் டிரக்கின் கதவுதான் உள்ளே போனது, மூன்றாம் நாள் உடைந்தது, ஆனால் அது பீட்ரூட் ஊறுகாய் ஜாடி, அவள் மேலெல்லாம் சிவப்பைப் பார்த்த தபால்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். கப்பல் கட்டும் தளத்திலிருந்து ரெனே என்பவர் வந்து, "கவலைப்படாதீங்கம்மா, பாட்டில்ல நாங்களே முன்கூட்டிக் கீறல் போட்டு வச்சிருவோம், தட்டினாலே உடைஞ்சிரும்" என்றார். "ஏன், என் கையில வலுவில்லன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று டார்கஸ் கேட்ட கேள்வியில் மனுஷன் தொப்பியை மறந்துவிட்டு ஓடிவிட்டார்.

போன ஞாயிறு கப்பலின் கேப்டனே வீட்டுக்கு வந்தார். அக்கா, உட்கார்ந்துகொண்டு படி. கேப்டன் ஒரு பெண். பெயர் மார்செல்லா ஓடம். புளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "உங்கப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்க, எங்க ஆளுங்களுக்குச் சொல்லணும்" என்றார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ பதினெட்டு வயதில் கடற்படையில் சேர எழுதிய விண்ணப்பத்தை அப்பா விறகடுப்பில் போட்டதும், "கப்பல்ல பொம்பளைக்கு என்னடி வேலை?" என்று கேட்டதும், அப்புறம் நீ முப்பது வருஷம் துலூத் துறைமுகத்துத் தூக்குப்பாலத்தில் வேலை பார்த்து, போகிற வருகிற கப்பலுக்கெல்லாம் பாலத்தைத் தூக்கிவிட்டாயே தவிர ஒன்றிலும் ஏறாததும்தான் வெளியே வந்தது. கேப்டன் சிரிக்கவில்லை. "உங்கக்கா வந்தாகணும், மிஸ்டர் கிரிண்டல்" என்றார்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு, திட்டாதே. கப்பலுக்கு அடித்தளம் போடும்போது, பெயர் சூட்டப்போகிற பெண்ணின் முதலெழுத்துகளை அவள் கைப்பட வாங்கி இரும்புத் தகட்டில் அப்படியே பற்றவைப்பார்கள். கேட்டால் நீ மாட்டேன் என்பாய் என்று, உன் கிறிஸ்துமஸ் அட்டையைப் பார்த்து நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷமாக உன் பெயர் அந்தக் கப்பலில்தான் இருக்கிறது. டார்கஸுக்கு இது தெரியாது.

அப்பா செய்தது அநியாயம். அன்றைக்கு எனக்குப் பதின்மூன்று வயது. அடுப்புப் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. பாட்டிலை உடைக்க ஆளா இல்லை? எனக்கு நீ வரணும் அக்கா, அவ்வளவுதான்.

வேறு விசேஷம் இல்லை. உன் பூனையை விசாரித்ததாகச் சொல்லவும். கர்த்தர் உன் முழங்காலையும் அப்படியே மனதையும் கொஞ்சம் இளக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கையெழுத்தைத் திருடிய தம்பி,
ஆர்வில்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போனபோது கேப்டன் போன் செய்தார். நேற்றே உன்னிடம் போனில் பேசி, தகட்டின் படத்தையும் அனுப்பிவிட்டாராமே! "அது என் எழுத்து இல்ல, என் தம்பியோட கோழிக் கிறுக்கல்" என்றாயாம். தபால்தலை ஒட்டிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன். தகட்டு விஷயத்தை டார்கஸிடம் நீயே சொல்லிக்கொள், எனக்குத் தைரியம் இல்லை. "வரேன், ஆனா பாட்டிலை வேற யாராவது உடைக்கட்டும். கப்பல் கடலுக்குப் போறப்ப கொஞ்ச நேரம் சுக்கானை என் கையில குடுப்பீங்களா?" என்று கேட்டாயாம், அவர் சரி என்றதும் போனிலேயே அழுதாயாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம், அவர் சொல்லிவிட்டார். நானும் இங்கே அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். நன்றாகத் திருப்பு அக்கா. நீ எந்தப் பக்கம் திருப்பினாலும் கமாண்டர் ஏசா கிரிண்டல் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும்.