எனக்கு எதிராக நானே போட்ட ஓட்டு

நியூயார்க்

மாண்புமிகு வெளியுறவு அமைச்சரும், என் தாயுடன் பிறந்த ஒரே மாமனுமாகிய கைதாரா அவர்களுக்கு, கிரிபட்டி நாட்டுத் தூதன் உரியாம் பணிவுடன் எழுதுவது. குளிரைத் தவிர இங்கு யாவும் நலம். தாங்களும் அத்தையும் தராவாவில் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஐ.நா. மீன்பிடிக் குழுத் தலைவர் தேர்தலில் ஒரே ஓட்டில் எப்படித் தோற்றாய், ஒழுங்கான விளக்கம் இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டு என்று எழுதியிருந்தீர்கள். விளக்குகிறேன். நம் ஊரில் ஒருவர் 'புபுட்டி' என்று சொல்லி எதைக் கேட்டாலும் மறுப்பது மானக்கேடு என்பது தாங்கள் அறியாததல்ல. அது கடல் தாண்டி வராது என்று நம்பித்தான் விமானம் ஏறினேன், ஆனால் இறங்கின மறுநாளே ஒன்றுவிட்ட தம்பி தெகினாட்டி வாசலில் நின்றான். "அண்ணே, புபுட்டி. அந்தக் கோட்டு." கொடுத்தேன். அடுத்த வாரம் தூதரகக் கார். அதற்கடுத்து கட்டில். "உங்க முதுகுக்குத் தரைதாண்ணே நல்லது" என்று வைத்தியம் வேறு. இப்போது அவன் நாட்டுக் கொடி பறக்கக் காய்கறி வாங்கப் போகிறான், நான் பஸ்ஸில் நசுங்கி ஐ.நா. சபைக்குப் போகிறேன், வாசல் காவலர் "பார்சலா? பின்பக்கம் போங்க" என்கிறார்.

தேர்தலன்று, எனக்கு எதிராக நின்ற பக்கத்துத் தீவு நாட்டுத் தூதர் வைசாகே என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க ஊர்ல புபுட்டின்னு ஒண்ணு இருக்காமே?"

நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமை பிடரியைப் பிடித்துத் தள்ள, கேட்டால் கோவணம் தவிர எல்லாம் கொடுப்போம் என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ புபுட்டி. உங்க ஓட்டு."

"அண்ணே, நானும்தானே நிக்கிறேன்?"

"நில்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

போட்டேன் மாமா. அழுதுக்கிட்டே போட்டேன்.

தவறு என்னுடையது. எனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். வா என்றால் வந்து கொப்பரை காயவைத்துப் பிழைத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த வேலை எனக்கு உயிர் மாமா. அந்தப் பெரிய மண்டபத்தில் நம்ம நாட்டுப் பேரைக் கூப்பிடும்போது எழுந்திருப்பேன் பாருங்க, அப்போ மட்டும் குளிரே தெரியாது.

தங்கள் வலையில் மீனும், கிணற்றில் நல்ல தண்ணீரும், அத்தை முகத்தில் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

தலைகுனிந்து,
உரியாம்

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் அமைச்சருக்கு, ஃபைலில் போட்டுவிடுங்கள். இது மாமாவுக்கு. புபுட்டி. என் வேலை. காதில் விழவில்லை என்று தாங்கள் சொல்லிவிடக் கூடாதே என்று இதை அத்தை பெயருக்கு அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்நேரம் எல்லாரும் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.