தொட்டித் தண்ணீரில் எரிந்த விளக்கு

ஒரு விஷயத்தைப் பற்றி எழுதிவிட்டால் அது புரிந்துவிட்டதாக நம்புவது பத்திரிகைக்காரர்களின் தொழில் வியாதி. எனக்கு அது முற்றியிருந்த சமயத்தில்தான், நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய மாலதியின் அப்பா என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

அவர் அணைக்கட்டு மின்நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "பையன் பேப்பர்ல இருக்கான், சரி. உருப்படியா ஏதாவது தெரியுமா?" என்று மகளிடம் கேட்டிருக்கிறார்.

அந்த வாரம்தான் அறிவியல் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமிக்க, பூமிக்கடியில் காற்றை அழுத்தி அடைக்கிறார்கள். கைவிட்ட சுரங்கங்களில் பாரத்தைத் தூக்கி வைத்து, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். தண்ணீரை மேட்டில் ஏற்றித் திறந்துவிடுகிறார்கள். கடைசி வகை மந்தைவெளியில் என் அடுக்ககத்திலேயே இருந்தது. கீழே சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டி, மேலே மொட்டைமாடித் தொட்டி. (சென்னையில் எல்லாக் கட்டடத்திலும் இது உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை.)

அவர் வரும் சனிக்கிழமை பராமரிப்பு மின்தடை, ஒன்பதிலிருந்து இரண்டு வரை. அந்த அறிவிப்பைப் பேப்பரில் போட்டவனே நான்தான். கட்டுரையை அவருக்குச் செய்தே காட்டிவிடலாம் என்று தோன்றியது. தொட்டியிலிருந்து குழாய் இறக்கி, சம்ப் வாயில் டைனமோ பூட்டிய சின்னச் சக்கரத்தை வைத்து, மூன்றாம் மாடியில் இருந்த என் வீட்டு ஜன்னலுக்கு ஒயர் இழுத்தேன். மின்விசிறியே ஓடும் என்றது கணக்கு. கணக்கில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தது. ஒரு குண்டு பல்பு மட்டும் தூங்கி வழிந்தது. வால்வை முழுதாகத் திறந்தேன். பல்பு விழித்துக்கொண்டது.

பத்தரைக்கு மாலதியோடு வந்தவர், பல்பை உற்றுப் பார்த்தார்.

"ஏத்துறதுக்கு எவ்ளோ கரன்ட் போச்சு, இறக்குறதுல எவ்ளோ வந்துச்சு?"

"அதப் பார்க்கல சார்."

"ம்" என்றவர், காபி குடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். பல்பு அணைந்தது. காவலாளி ஏழுமலை மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சார், எந்த வூட்லயும் தண்ணி வரலியாம். அல்லாரும் கீய நிக்கிறாங்கோ. இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"தொட்டி?"

"காலி. சம்பு ரொம்பி வழியுது."

"அப்பா உள்ள போயி பத்து நிமிஷமாச்சு" என்றாள் மாலதி, மெதுவாக.

கதவுக்குப் பின்னாலிருந்து நிதானமான குரல் வந்தது. "தம்பி, கொழாய்ல தண்ணி இல்ல. திருப்பி ஏத்துங்க."

"மோட்டாருக்குக் கரன்ட் ரெண்டு மணிக்குத்தான் சார் வரும்."

"ஆமா. பேப்பர்ல பார்த்தேன்."

முதல் வாளி அவருக்கு. பிறகு பதினோரு வீடுகளுக்கு. மின்தடையில் லிஃப்டும் இல்லை. நான் இறக்கிய தண்ணீரையெல்லாம் நானே ஏற்றினேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு மகளிடம் சொன்னார்: "படிப்பு சுமார்தான். ஆனா தூக்குறான்."

சம்மதம் என்று அதற்கு அர்த்தமாம்.

இப்போது அடையாறில் இருக்கிறோம். எங்கள் பகுதிக்கு மின்தடை அறிவிப்பு வரும் நாளிலெல்லாம், மாமனாரிடமிருந்து காலையிலேயே போன் வரும். நலம் விசாரிப்பதில்லை.

"தொட்டி ரொம்பியிருக்கா?" என்பார்.

"இல்லாட்டி என்னப்பா" என்பாள் மாலதி, என்னைப் பார்த்தபடி. "பம்பு இங்கதான் காபி குடிச்சுட்டிருக்கு."