மேனேஜர் வீட்டு அளவு

கட்டின புருஷன் பக்கத்தில் நாலு பேர் பார்க்க உட்காருவதற்கு என்ன விலை? மேனேஜர் சொன்ன விலை ஒரு ஜாக்கெட்.

"கம்பெனி விருந்து. எடுப்பா ஏதாவது போட்டுக்கறதா இருந்தா வா. அந்தத் தையல்காரன்கிட்ட மட்டும் போகாத, கொள்ளைக்காரன். வீட்டு மெஷின் சும்மாதானே தூங்குது?"

எந்த விருந்துக்கும் மனைவியைக் கூட்டிப்போகாத மனுஷன். வாய் தவறிக் கூப்பிட்டதை விடுவாளா? தையல்கடைக்கு ஓடி, தன் அளவுக்கு வெட்டிவைத்திருந்த காகிதத்தை மட்டும் கேட்டு வாங்கிவந்தாள். மூலையில் பென்சிலால் 'மேனேஜர் – சி' என்று எழுதியிருந்தது.

"சின்னக் கை போலிருக்கு" என்று தனக்குத்தானே உரை எழுதிக்கொண்டு, துணியில் கத்தரியை வைத்தாள்.

தைத்த ஜாக்கெட் தோளோடு நின்றுவிட்டது. கீழே இறங்கமாட்டேன் என்றது.

"துணி மேல பழி போடாத. நீ பெருத்துட்ட" என்றார் மேனேஜர், செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

பக்கத் தையலைப் பிரித்தாள், கை இறுக்கியது. அக்குளில் ஒட்டு வைத்தாள். முதுகு வாயைப் பிளந்தது. முதுகை மூடத் துணி தேடிச் சேலைத் தலைப்பில் கை வைத்தாள், சேலையும் குட்டை. சாப்பாட்டை விட்டுப் பார்த்தாள். மயக்கம் வந்தது, இடுப்பு மட்டும் வழிக்கு வரவில்லை.

"பேசாம அதை ஜன்னலுக்குத் திரையா மாட்டு. நான் மட்டும் போயிட்டு வர்றேன்."

அவர் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினாள். பூதக்கண்ணாடிக்கும் அகப்பட்டிருக்காது.

விருந்தன்று மாலை, மானத்தையும் கந்தலையும் ஒரே பையில் சுருட்டிக்கொண்டு தையல்கடைக்கே போனாள். தையல்காரர் இல்லை. ஊக்கு வைக்கும் பெண்தான் இருந்தாள். வெகுளி.

"உங்க அளவு தப்பும்மா. என்னால இதுக்குள்ள நுழையவே முடியல."

அந்தப் பெண் பையிலிருந்த அளவுக் காகிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, அவசரத்துல மாத்திக் கொடுத்துட்டாரு. உங்களுது 'மேனேஜர் – பெ'."

"பெ-ன்னா?"

"பெரிய வீடு. சின்ன வீட்டுக்கு சார் கூலியை அப்பப்பவே தீர்த்துடுவாரு அக்கா. உங்க கணக்குலதான் போன தீபாவளி... இல்ல, அதுக்கும் முந்தின ஜாக்கெட்டே இன்னும் பாக்கி நிக்குது."