படிவத்தில் இல்லாத கேள்வி

ஒரு காட்டில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. உதிர்ந்த இலுப்பைப் பூ பாறைக் குழியில் ஊறிப் புளித்துவிட்டால் போதும், குடித்துக் குழி வற்றும்வரை அது எழுந்திருக்காது. ஒருநாள் போதையில் மரத்திலிருந்து விழுந்தது. கீழே நின்ற மகளின் கால் ஒடிந்தது. அன்று முதல் அப்பாவைக் கண்டாலே மகள் காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய்விடும்.

மனைவி மருதாயி கரடியை மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. அங்கே பெரிய டாக்டர் ஓர் ஆந்தை. பெயர் பேரின்பன். குடியைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தது.

"வாங்க வாங்க! தொண்ணூத்தொன்பது பேர் கிடைச்சுட்டாங்க, நீங்க நூறாவது!" என்றது.

"மருந்து குடுப்பீங்களா டாக்டர்?" என்று மருதாயி கேட்டது.

"அம்பது பேருக்கு மருந்து. அம்பது பேருக்கு ஒண்ணும் கிடையாது. அப்பத்தானே வித்தியாசம் தெரியும்?"

சீட்டுக் குலுக்கினார்கள். சடையாண்டிக்கு 'ஒண்ணும் கிடையாது' விழுந்தது. மாதம் ஒருமுறை வந்து பதில் சொன்னால் போதுமாம்.

கேள்வி கேட்கும் வேலை கஸ்தூரி என்ற மைனாவுக்கு. படிவத்தில் நாற்பத்தாறு கேள்விகள்.

"போன மாசம் எத்தனை நாள் குடிச்சீங்க?"

"முப்பது."

நாற்பத்தாறையும் கேட்டு முடித்துவிட்டு, மைனா பேனாவை மூடியபடி, "இப்ப எப்படி இருக்கீங்க அண்ணே?" என்றது.

கரடி விழித்தது. பிறகு அழுதது. "என் பொண்ணு என்னைப் பாத்தா ஓடுதும்மா" என்றது. மைனா இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வரிசையில் நின்ற காட்டுப்பன்றி இரண்டு முறை கதவைத் தட்டியும் மைனா எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் முப்பது இருபதானது. அதற்கடுத்த மாதம் ஒன்பது.

"மிச்ச நாளெல்லாம் என்ன பண்றீங்க அண்ணே?"

"பொண்ணு காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுறேன். முறைச்சுக்கிட்டேதான் காலை நீட்டுது. ஆனா நீட்டுது."

ஆறாவது மாதம் படிவத்தில் பூஜ்யம் விழுந்தது. அதைப் பார்த்த டாக்டருக்குச் சிறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"ஒண்ணும் குடுக்காதவர் எப்படிக் குணமாவார்? நீ என்ன குடுத்தே?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன் டாக்டர்."

"அது எத்தனாவது கேள்வி?"

கிளிகள் ஒரு நாளைக்கு எத்தனை மிளகாய் தின்கின்றன என்று எண்ணும் பிரிவுக்கு அன்றே மைனாவை மாற்றிவிட்டார்கள்.

பிறகு டாக்டர் கரடியிடம் இதமாகப் பேசியது. "இன்னும் ரெண்டே மாசம்தான் சடையாண்டி. அதுவரைக்கும் கொஞ்சமாவது குடிக்கக் கூடாதா? நல்ல ஊறலா நானே வரவழைக்கிறேன். அறிவியலுக்காக."

ஊறல் என்ற சொல்லைக் கேட்டதும் கரடியின் மூக்கு தானாக விரிந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. அது பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியது. "வேணாங்கய்யா. இன்னிக்கு இன்னும் எண்ணெய் தேய்க்கலே" என்றது.

டாக்டர் பெருமூச்சு விட்டுப் பதிவேட்டில் எழுதியது: 'நூறாம் நபர், தொடர்பு அறுந்தது. இருக்குமிடம் தெரியவில்லை.'

"இதோ உங்க முன்னாடிதானே நிக்கிறாரு?" என்றது பதிவேட்டை எட்டிப்பார்த்த மருதாயி.

"உங்களுக்கு நிக்கிறாரும்மா. ஆய்வுக்கு இல்லே."

இரண்டு மாதம் கழித்துச் சிங்கராஜாவின் சபையில் ஆய்வு முடிவை வாசித்தார்கள். சடையாண்டி மனைவி மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது.

"மருந்து இல்லாமல் குடியை விட்டவர் இந்தக் காட்டில் ஒருவர்கூட இல்லை, அரசே!" என்று டாக்டர் முழங்கியது.

"மருந்து சாப்பிட்டதிலே எத்தனை பேர் விட்டாங்க?" என்று சிங்கம் கேட்டது.

"அது அடுத்த ஆய்வு, அரசே."

சபை எழுந்து நின்று கைதட்டியது. விஷயம் பிடிபடாவிட்டாலும் எல்லோரும் தட்டுகிறார்களே என்று சடையாண்டியும் உட்கார்ந்தபடியே தட்டியது. மகள் மட்டும் தட்டவில்லை. அப்பாவின் மடியில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

நீதி: குணமாகும் உத்தேசம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெறவும்.