மாமாவை எண்ணாத பட்டியல்

டில்லி மெட்ரோவில் தொங்கிக்கொண்டே, அமெரிக்க நீராவி எஞ்சின் கம்பெனி ஒன்று தன் எஞ்சின்களை வகை பிரித்த விதத்தைப் போனில் படித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. (அன்றைக்குச் சிக்னல் கிடைக்காமல் போயிருக்கலாம்.)

முதலில் எஞ்சினின் மொத்தச் சக்கரங்கள். அடுத்து சிலிண்டர் அளவுக்கு ஓர் எண். பிறகு, எத்தனை சக்கரங்கள் உண்மையிலேயே இழுக்கின்றன என்பதற்கு ஓர் எழுத்து. ஒரே வரியில் எஞ்சினின் ஜாதகம்!

மறுவாரம் மயூர் விஹாரில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். கரோல் பாக்கிலிருந்து சொந்தக்காரர்களை டாக்சிகளில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. வெறும் பெயர்ப் பட்டியல் எழுத எம்.டெக் எதற்கு? குடும்பத்துக்கு ஒரு குறியீடு போட்டேன்: மொத்த ஆட்கள், குரலின் சத்தம் (அதுதான் சிலிண்டர்), சொன்னதும் கிளம்புகிறவர்கள். அத்தை வீட்டில் ஆறு பேர், சிலிண்டர் பிரம்மாண்டம், இழுப்பவர் ஒருவர்.

"பையா, ஜல்தி!" என்று டிரைவரை அவசரப்படுத்தியபடி கடைசி டாக்சியில் நானும் ஏறினேன். யமுனைப் பாலத்து நெரிசலில் போன் அடித்தது. அம்மாவின் தம்பி, ரகு மாமா.

"ஏண்டி, நான் எதுல ஏறணும்?"

"மாமா! நீங்க வண்டியில இல்லையா?"

"அஞ்சு சீர்த்தட்டு, மோதிரம் எல்லாத்தோடயும் கேட்ல நிக்கிறேன். வாட்ச்மேன் ஸ்டூல் குடுத்திருக்கான்."

எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டிக்கு டெண்டர் என்று பெயர். அதன் சக்கரங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாமா சாமான்களோடு வருபவர். எனவே டெண்டர். எனவே (முறைப்படி!) சேர்க்கவில்லை.

நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. வெறுங்கையோடு போய் இறங்கினோம். அக்கா பட்டுப்புடவையில் பல்லைக் கடித்தாள்: "மோதிரத்துக்குப் பதிலா உன் குறியீட்டைப் போட்டுவிடச் சொல்லவா?"

பத்து இருபத்தைந்துக்கு மாமா வந்தார், மெட்ரோவில். ஐந்து தட்டையும் ஸ்டேஷன் சோதனை ஸ்கேனரில் அனுப்பி எடுத்து, வாட்ச்மேனையும் துணைக்கு இழுத்துக்கொண்டு.

எல்லாம் முடிந்தபின் காரணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் கரிவண்டி இல்லாம எஞ்சின் ஓடுமா?"

"ஓடாது மாமா."

"அச்சா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த வண்டியும், "டெண்டர் ஏறியாச்சா?" என்று யாராவது கேட்காமல் நகர்வதில்லை.

தையில் கல்யாணம். கரியையும் தண்ணீரையும் தானே சுமக்கும் டாங்க் எஞ்சின் என்று ஒரு ரகம் உண்டு. இந்த முறை எல்லோரும் அந்த ரகம்: அவரவர் பை அவரவர் கையில். முதல் வரியை எழுதிவிட்டேன்: ரகு மாமா, முன் சீட், வெறும் கை.