பேரியத்தின் பச்சை

பச்சையாக எரியவேண்டிய பேரியமும் மஞ்சளாகத்தான் எரிந்தது. கல்சியம் மஞ்சள், பொற்றாசியமும் மஞ்சள். கரம்பொன் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இரசாயன ஆசிரியர் தியாகலிங்கம், ஸ்பிரிட் விளக்கையும், மருந்தைத் தொட்டு அதில் பிடித்த கம்பியையும் முறைத்துப் பார்த்தார்.

இன்று கல்வி அதிகாரி வருகிறார். ஆய்வுகூடம் சரியில்லை என்று அவர் எழுதினால் விஞ்ஞான வகுப்பை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் படிக்க யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறவேண்டும்.

"கம்பியிலை உப்புப் பட்டிருக்கு. துளி சோடியம் போதும், மற்ற நிறம் ஒண்டையும் தெரியவிடாது. கழுவிக்கொண்டு வாரும்," என்றார்.

ஆய்வுகூட உதவியாளர் சறோஜினிதேவி கழுவிக்கொண்டு வந்தாள். சுவாலை இன்னும் மஞ்சளானது.

"எந்தத் தண்ணியிலை கழுவினனீர்?"

"எங்கடை கிணத்திலை, சேர். உவர்த்தண்ணி."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேக்கேல்லையே."

குடிப்பதற்கென்று மண்கும்பானிலிருந்து வந்த நல்ல தண்ணீரில் தானே கழுவி, கைலேஞ்சியால் துடைத்தார். காலையில் சைக்கிள் மிதித்து வந்த வேர்வை முழுவதும் அந்தக் கைலேஞ்சியில்தான் இருந்தது. கடற்காற்றிலும் உப்பு வருமென்று யன்னல்களைச் சாத்தினார். அறை வெந்தது. நெற்றி வேர்வை சொட்டுச் சொட்டாகப் பேரியப் போத்திலுக்குள்ளேயே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்பலவாணர் உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார்.

"சுவாலைச் சோதனையோ? நல்லது. பேரியத்தைக் காட்டுங்கோ, பாப்பம்."

தியாகலிங்கம் திரும்பி நின்று, மேசையில் கிடந்த பழைய மின்மணியிலிருந்து ஒரு துண்டுச் செப்புக் கம்பியை உருவி, அமிலத்தில் தோய்த்து, போத்திலில் தொட்டதுபோல் பாவனை செய்து, சுவாலையில் பிடித்தார். செம்பு தன் பாட்டுக்குப் பச்சையாக எரிந்தது. அதிகாரி ஒருகாலத்தில் சரித்திரம் படிப்பித்தவர். அவருக்குப் பச்சை என்றால் பச்சைதான்.

"வடிவாயிருக்கு. பேரியம்தானே?"

"ஓம், சேர்." சொல்லும்போது தியாகலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வகுப்பு தப்பிவிட்டது.

அதிகாரி திருப்தியோடு பேனாவைத் திறந்தார். தேத்தண்ணியோடு வந்த சறோஜினிதேவி, வாசலிலேயே நின்று சுவாலையை அதிசயமாகப் பார்த்தாள்.

"சேர், மருந்துகள் எப்பவோ முடிஞ்சு, வெறும் போத்தில் வைக்க ஏலாதெண்டு எல்லாத்திலையும் எங்கடை குசினிக் கறியுப்பையெல்லோ போட்டு வைச்சனான், அது எப்பிடிப் பச்சையா எரியுது?"