ஸ்வெட்டரும் ஜி.எம். நாற்காலியும்

அக்கினி நட்சத்திர வெயிலில் கழுத்துவரை கம்பளி ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு சுடச்சுட டீ குடிக்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் இருந்தார். சொந்தப் பெயர் என்று ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘ஸ்வெட்டர்’.

நாங்கள் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்கிறவர்கள். நான் பில்லிங் பிரிவு. எங்கள் பில், சரக்குக் கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே ஒரு சர்வரில் ஓடின. முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதைப் பார்த்துக்கொள்வதுதான் ஸ்வெட்டரின் வேலை. ஏசியை உச்சத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

“அவருக்குக் குளுரா இருக்கணும் நைனா. நமக்கின்னா, போத்திக்கலாம்.”

அவர் என்றால் சர்வர்.

ஒருமுறை அது நின்றுபோனபோது, “சர்வர் படுத்துட்டாரு!” என்று வராந்தாவில் கத்திக்கொண்டே ஓடினார். புது வாட்ச்மேன் பதறிப்போய், கேன்டீனில் பரிமாறுகிறவருக்கு ஆட்டோ கூப்பிட்டுவிட்டார்.

அந்த வகை சர்வரையே இனி தயாரிக்கப்போவதில்லை, உதிரி பாகமும் கிடையாது என்று அதைச் செய்த கம்பெனி அறிவித்த அன்று, ஸ்வெட்டர் மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் சவரம் செய்யாமல் வந்தார். கேன்டீன் மாஸ்டர் விவரம் புரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வயசு இன்னா சார் ஆவுது அவருக்கு?” என்று துக்கம் விசாரித்தார்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, சர்வருக்குக் கரண்ட் கொடுக்கிற பாகம் புகைந்து செத்தது. பில் போட முடியவில்லை. பில் இல்லாமல் சரக்கு வெளியே போகாது. வாசலில் லாரிகள் வரிசை கட்டின. ஜி.எம். கோயம்புத்தூரில் இருந்தார். போனிலேயே எங்களைப் பொரித்தெடுத்தார்.

ஸ்வெட்டர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பழைய இரும்புக் கடைகளாகத் தேடினார். குமணன்சாவடியில் இல்லை. சென்னீர்குப்பத்தில் ஒரு கடை வாசலில் சட்டென்று பிரேக் போட்டார்.

“மாதாவே!”

அச்சு அசல் எங்கள் சர்வர் மாதிரியே ஒன்று. அதன்மேல் கடைக்காரர் உட்கார்ந்து வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

“எந்திரிங்க அண்ணாத்தே! அது இன்னா தெரியுமா?”

“ஸ்டூலு. இடுப்பு வலிக்கு இந்த ஒசரந்தான் தோதா கீது. தர முடியாது.”

ஸ்வெட்டர் கெஞ்சினார். கும்பிட்டார். கடைக்காரர் அசையவில்லை. கடைசியில், “குந்த நல்லதா ஒண்ணு குடு, எந்திரிக்கிறேன்” என்றார்.

ஸ்வெட்டர் ஆபீசுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில், எங்கள் வாசலில் சும்மா நின்ற லாரிகளில் ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே நடுநாயகமாக ஜி.எம்.மின் தோல் நாற்காலி. கடைக்காரர் அதில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினார்.

“சுத்துது மாமே!” என்றவர், அதன்பிறகு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பாகத்தைக் கழற்றி எங்கள் சர்வரில் மாட்டினார். பொழுது சாய்வதற்குள் பில் ஓடியது. லாரிகள் கிளம்பின.

திங்கட்கிழமை ஜி.எம். வந்தார். “என் சேர் எங்கே?”

“கம்பெனி படுத்துடுச்சு சார். நீங்க உக்கார்ற சேரக் குடுத்துதான் எழுப்பி வுட்டேன்” என்றார் ஸ்வெட்டர்.

ஜி.எம். புது நாற்காலி வரும்வரை கேன்டீன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார்.

போன வருடம் எல்லாக் கணக்கும் கிளவுடுக்குப் போனது. சர்வரை நிறுத்தும் பட்டனை ஸ்வெட்டர்தான் அழுத்த வேண்டும். மூன்று முறை விரலைக் கொண்டுபோய் எடுத்துவிட்டார். “நீ அமுக்கு நைனா” என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அழுத்தினேன். அறையில் அத்தனை வருட இரைச்சலும் அடங்கியது. ஏசியை அவரே அணைத்தார். அந்த மாதமே ஓய்வும் பெற்றுவிட்டார்.

இப்போது ஆபீசில் எதுவும் படுப்பதில்லை. யாரும் வராந்தாவில் ஓடுவதில்லை. மாதம் ஒருமுறையாவது நான் அவருக்குப் போன் செய்து, “அண்ணே, லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு” என்பேன். ஆவடியிலிருந்து திருமுல்லைவாயிலில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு உடனே வந்துவிடுவார். அதைத் திறந்து, தட்டி, காது வைத்துக் கேட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார்.

லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது.